பதினோரு ஆட்சேபணைகள்

பகல் மூன்று மணிக்குச் சரக்கு ஷெட்டின் முன்னால் சைக்கிளை நிறுத்தினாள். கைப்பிடியில் பசை வாளி ஆடிக்கொண்டிருந்தது. முன்கூடையில் பதினோரு நோட்டீசுகளும் ஒரு பழைய பிரஷ்ஷும் கிடந்தன. நில உபயோகப் பிரிவில் அவள் தற்காலிக எழுத்தர். நோட்டீஸ் எழுதுவது, பசை கிண்டுவது, கொண்டுபோய் ஒட்டுவது எல்லாம் அவள் தலையில்தான் விழும்.

கிளம்பும்போது தலைமை எழுத்தர் வாளிக்குள் எட்டிப் பார்த்திருந்தார். கண்ணில் பட்ட காகிதத்திலெல்லாம் முத்திரை குத்துவதால் அலுவலகத்தில் அவருக்கு முத்திரை என்றே பெயர்.

"என்னம்மா இது, பசையா, பாத்திரம் கழுவின தண்ணியா? இதுல ஒட்டினா நோட்டீஸ் நீச்சல் அடிச்சு ஆபீசுக்கே திரும்பி வந்துடும்."

"காய்ஞ்சா ஒட்டிக்கும் சார்."

"ஒட்டுனா ஒட்டட்டும், இல்லாட்டி போகட்டும். ஒட்டியாச்சுன்னு எழுதிட்டா ஆள் கையில குடுத்த மாதிரிதான். மண்டை காயாம சீக்கிரம் வந்து சேரு."

அவர் சொன்னது விளையாட்டில்லை. விதியே அப்படித்தான். ஆள் அகப்படாவிட்டால், கடைசியாக அவர் இருந்த இடத்துக் கதவில் நோட்டீசை ஒட்டினால் போதும். அவர் அதை வாங்கிக்கொண்டதாகவே கணக்கு.

ரயில் நின்றுபோய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தண்டவாளங்களைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். கருங்கல் ஜல்லி மட்டும் காய்ந்த ஆற்றுப்படுகை மாதிரி நீண்டு கிடந்தது. அதன் ஓரத்தில் இந்த ஷெட். முந்நூறு அடி தள்ளி, ஊழியர் வீடுகளின் வரிசையில் இடியாமல் மிஞ்சிய ஒரே வீடு. அது அவளுடைய வீடு. அவளும் படுத்த படுக்கையான அப்பாவும் இருக்கும் வீடு.

இந்த நிலம் மொத்தத்தையும் ரயில்வே உபயோகத்திலிருந்து நீக்கித் தனியார் தொழிற்சாலைக்கு மாற்றப் போகிறார்கள். அந்தக் கோப்பு அவள் மேசைக்குத்தான் வந்தது. வீட்டையும் அப்பாவையும் தன் கையாலேயே எழுதி அனுப்ப வேண்டும். அப்பா இந்த வருடத்தைத் தாண்ட மாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுக்கு வேண்டியது வருடமல்ல, மாதங்கள்தான். அப்பா அந்தக் கட்டிலிலேயே, அந்த ஜன்னல் ஓரத்திலேயே கண்மூடிவிட வேண்டும். அப்புறம் தொழிற்சாலை வரட்டும், பூகம்பம் வரட்டும்.

பத்துக்கு மேல் ஆட்சேபணை வந்தால் அதிகாரி நேரில் வந்து விசாரிக்க வேண்டும். ஆட்சேபித்தவர்கள் வராவிட்டால் வாய்தா போடுவது வழக்கம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாற்பத்தைந்து நாள். அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டும்போது பேச்சுவாக்கில் கேட்டாள், "ரயில்வேல உங்ககூட தண்டவாள கேங்ல வேலை பார்த்தவங்க பேரெல்லாம் ஞாபகம் இருக்காப்பா?"

காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதே நினைவில்லாத அப்பா, பதினோரு பேரையும் தகப்பன் பெயரோடு மூச்சுவிடாமல் ஒப்பித்தார். இவன் நின்னுக்கிட்டே தூங்குவான். இவன் சிரிச்சா ஷெட் அதிரும். கடைசியில் மேஸ்திரி பெயர். அவரைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை.

எங்கெங்கோ மாற்றலாகிப் போன கிழவர்கள் என்று நினைத்து அவள் ஆட்சேபணைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களை எழுதினாள். முகவரி: சரக்கு ஷெட், கேங் ஓய்வறை. கைநாட்டுக்குத் தன் பத்து விரல்களையும் மையில் தோய்த்து ஒன்றொன்றாக வைத்தாள். பதினோராவதுக்கு விரல் இல்லை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

இப்போது அந்த ஓய்வறைக் கதவின் முன் நின்றாள். ஷெட்டின் கோடியில், துருப்பிடித்த பெரிய பூட்டோடு ஒரு மரக்கதவு. வெளியே அவ்வளவு வெயில். இங்கே மட்டும் கிணற்றுக்குள் இறங்கியது போல ஒரு குளிர்ச்சி. மசகு எண்ணெய் வாடை. ரயிலே இல்லாத இடத்தில், சூடான இரும்பின் வாடை.

பதினொன்றையும் ஒட்டிவிட்டுக் கை கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். குழாய் இருமியதே தவிரத் தண்ணீர் வரவில்லை. பசை பிசுபிசுக்கும் கையோடேயே திரும்பி வந்தாள்.

கதவில் ஒரு நோட்டீஸ்கூட இல்லை.

கிழிந்த துண்டு இல்லை. தரையில் விழுந்தது இல்லை. பதினோரு ஈரச் சதுரங்கள் மட்டும் கதவில் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தன.

பூட்டு அப்படியே தொங்கியது.

கதவுக்கு உள்ளே காகிதம் சலசலத்தது.

பிறகு ஒரு குரல். எழுத்துக்கூட்டி மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு ஆளின் குரல், ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வாசித்தது.

"நே... ரி... ல்... ஆ... ஜ... ரா... க... வு... ம்..."

யாரோ அடக்கிச் சிரித்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

அப்பா விழித்திருந்தார். அவள் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்து, "என்ன அம்மாடி?" என்றார்.

"அப்பா, அந்தப் பதினோரு பேரும் இப்ப எங்க இருக்காங்க?"

"எந்தப் பதினோரு பேரு?"

அவள் முதல் பெயரைச் சொன்னாள். அப்பாவின் முகத்தில் இரண்டு வருடமாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. அந்தத் தெளிவு அவளைப் பயமுறுத்தியது.

"பேரை எங்க எழுதின?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அப்பா கூரையைப் பார்த்தபடி பேசினார். கேங் ஆட்கள் தண்டவாளத்தில் வேலை செய்யும்போது ஒருவர் வளைவில் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். சுத்தியல் சத்தத்தில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு வண்டி வருவது தெரியாது. கொடிக்காரர்தான் அவர்களுக்குக் கண்ணும் காதும். அன்றைக்குக் கொடிக்காரர் அப்பா.

"நீ பொறந்துட்டேன்னு வந்து சொன்னாங்க. மூணே முக்கால்வரைக்கும் வண்டி இல்லைன்னு நெனச்சேன். எட்டிப் பார்த்துட்டு வந்துடலாம்னு ஓடினேன். உன்னைக் கையில வாங்கினேன். அஞ்சு நிமிஷம்தாம்மா. வண்டி மூணு நாப்பதுக்கே வந்துடுச்சு."

"அப்பா..."

"விசாரிச்சப்ப, கொடி காட்டினேன், மேஸ்திரிதான் கவனிக்கலைன்னு சொல்லிட்டேன். தப்பு அவங்க மேலன்னு எழுதிட்டாங்க. பதினோரு குடும்பத்தையும் இந்த வரிசையிலேர்ந்து காலி பண்ணச் சொன்னாங்க. குழந்தை குட்டியோட போனாங்க. நாம மட்டும் இருந்தோம்."

அவள் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டையா காப்பாற்றப் பார்த்தோம் என்று முதல்முறையாக நினைத்தாள்.

"அவங்களா வர மாட்டாங்க அம்மாடி. கேங்ல அது கட்டுப்பாடு. மூணு தடவை பேரைக் கூப்பிட்டாத்தான் வேலைக்கு வந்து நிப்பாங்க. மூணாவது தடவை கூப்பிடாத. யாரையும் கூப்பிட விடாத."

உண்மையைச் சொல்லி ஆட்சேபணைகளைத் திரும்ப வாங்கலாம். ஆனால் கள்ளக் கைநாட்டுக்குச் சிறைதான். அப்பாவுக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் இருக்காது. என்ன செய்வதென்று தெரியாமலேயே விசாரணை நாள் வந்தது. கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஷெட்டுக்குள் மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். நடுத்தர வயது அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து எழுதிக்கொண்டே பேசுகிறவர். பக்கத்தில் கம்பெனிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பதுமாக இருந்தார். மேற்கு வெயில் பெரிய வாசல் வழியாகக் கண்ணைக் குத்தியது.

முத்திரை பெயர்ப் பட்டியலை அவளிடம் நீட்டினார். "எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. நீயே கூப்பிடும்மா."

"சார், யாரும் வரலையே. வாய்தா போட்டுடலாமே சார்."

"கூப்பிடாமலே வாய்தாவா? நல்லா இருக்கே கதை."

அவள் முதல் பெயரை வாய்க்குள்ளேயே இரண்டு முறை சொன்னாள். நிறுத்தினாள்.

"என்னம்மா, குழந்தைக்குத் தாலாட்டா பாடற?" என்றார் அதிகாரி, நிமிராமல். "சத்தமா, மூணு தடவை. அப்பதான் நான் எழுத முடியும்."

சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மயங்கி விழுந்ததுபோல நடித்திருக்கலாம். பிற்பாடு எத்தனையோ நாள் அதையெல்லாம் யோசித்தாள். அன்றைக்கு, மேலதிகாரி சொன்னதைச் செய்தே பழகிய வாய், கூப்பிட்டது.

மூன்றாவது முறை.

வெளியே ஜல்லியில் காலடி கேட்டது.

அடுத்த பெயர். இன்னொரு காலடி. கனமான பூட்ஸ் கால்கள், அவசரமில்லாமல், வரிசையாக. கம்பெனிக்காரர் துடைப்பதை நிறுத்தினார். எண்ணெய் வாடை தொண்டைக்குள் இறங்கியது. பதினோராவது பெயரைச் சொல்லி முடித்தபோது வாசல் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வெயிலுக்கு எதிரே வெறும் கறுப்பு உருவங்கள். முகம் தெரியவில்லை.

சிலருடைய உருவம் முழுதாக இல்லை.

"ஏன் வாசல்லயே நிக்கறாங்க? உள்ள வரச் சொல்லுங்க," என்றார் அதிகாரி, எழுதியபடியே.

யாரும் அசையவில்லை.

"சரி, அங்கேயே நில்லுங்க. நிலத்தை இந்தக் கம்பெனிக்கு மாத்தறதுல உங்களுக்கு என்ன ஆட்சேபணை?"

நடுவில் நின்றது பேசியது. கல்லை அரைப்பது போன்ற குரல். "நிலத்துல ஒண்ணும் இல்லம்மா. எங்களுக்கு இனி நிலம் எதுக்கு?"

"அப்புறம் எதுக்கு மனு குடுத்தீங்க?"

"நாங்க குடுக்கலம்மா. கூப்பிட்டாங்க. வந்தோம்."

"குடுக்காமலா கைநாட்டு இருக்கு?" அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். "நீங்க யாரு, மேஸ்திரியா? பதினோராவது. இது உங்க கைநாட்டுதானே?"

"இல்லம்மா. எனக்கு வைக்க விரல் கிடையாது. அது எங்க கொடிக்காரரோடது."

அதிகாரியின் பேனா ஒரு நொடி நின்றது. கண்ணாடிக்கு மேலாக வாசலைப் பார்த்தார். வெயில் கூசியிருக்க வேண்டும், உடனே குனிந்துகொண்டார். அந்த அம்மாளின் புறங்கை மயிர் சிலிர்த்து நிற்பதை அவள் பார்த்தாள்.

"எங்க கேங்ல பன்னெண்டு பேரு," என்றது குரல். "பதினோரு பேர்தான் நிக்கறோம். அவரு ஒருத்தரு வேலைய பாதியில விட்டுட்டுப் போனாரு, இன்னும் வரல. அவரு வந்துட்டா நாங்க இந்த இடத்தப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

"எங்க இருக்கார்?"

வாசலில் கைகள் உயர்ந்தன. சில முழங்கையோடு நின்றிருந்தன. எல்லாம் ஒரே திசையைக் காட்டின.

"அது இந்தப் பொண்ணு வீடு மேடம்," என்றார் முத்திரை. பட்டியலைப் பார்த்துக்கொண்டு, உதவி செய்கிற நினைப்பில் சொன்னார். "அவங்க அப்பா அந்தக் காலத்துல ரயில்வேல இருந்தவர்."

"மேடம், வேண்டாம் மேடம்," என்றாள் அவள். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

"அப்போ அவரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம். யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க."

"நாங்களே கூட்டிக்கிறோம்மா."

வாசல் காலியானது. வெயில் தரையில் விழுந்தது.

அவள் ஓடினாள். முந்நூறு அடிதான். ஜல்லி ஒவ்வொரு எட்டுக்கும் பின்னால் இழுத்தது. முன்னால் யாரும் போவதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் காலடிச் சத்தம் மட்டும் அவளுக்கு முன்னே போய்க்கொண்டே இருந்தது.

பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. சாவி இரண்டு முறை நழுவியது.

கட்டில் காலி.

போர்வையைத் தொட்டாள். சூடு இருந்தது.

வாசலிலிருந்து கட்டில்வரை கரிய பூட்ஸ் தடங்கள். கட்டிலிலிருந்து சுவர்வரை ஒரு வெறுங்கால் தடம். இரண்டு வருடமாகத் தரையை மிதிக்காத கால். விரல்கள் தரையைப் பிறாண்டிக்கொண்டே போயிருந்தன. சுவரோடு தடம் முடிந்திருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஜல்லிப் பாதை வெறிச்சென்று கிடந்தது.

ஆளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கப் போன இடத்தில் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். "படுத்த படுக்கையா இருந்தவர் பூட்டின வீட்டுலேர்ந்து எப்படிம்மா போவார்? நீயே யோசிச்சுச் சொல்லு." பிணம் இல்லாததால் அழ வந்தவர்களும் எப்போது அழுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார்கள்.

எட்டாம் நாள் ஆணை வந்தது. பதினோரு ஆட்சேபணைகளும் நேர் விசாரணையில் திரும்பப் பெறப்பட்டன. குடியிருப்பு காலியாக உள்ளது. நில உபயோகம் மாற்றப்படுகிறது. முத்திரை அதில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். அந்த மாதத்தோடு அவளுடைய தற்காலிக வேலையும் முடிந்தது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் பதிவேட்டையும் பிறகு யாரும் திறக்கவில்லை.

வீட்டை இடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஜல்லியை வாரி, மேலே காங்கிரீட் போட்டு, அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றை எழுப்பினார்கள். ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, வேறு எங்கும் வேலை கிடைக்காத அவளும் போய் வரிசையில் நின்றாள். மடிக்கிற பிரிவில் போட்டார்கள்.

முதல் நாள் பிற்பகல். இயந்திரங்களின் இரைச்சலில் காது மரத்துப்போயிருந்தது. பக்கத்தில் வேலை செய்த பெண்கள் மாமியாரையும் மருமகளையும் மாறிமாறி வறுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று எல்லாரும், பேச்சை நிறுத்தாமலேயே, மேசைகளைவிட்டு நகர்ந்து இரண்டு பக்கச் சுவரோரமும் போய் நின்றார்கள். நடுவே நீளமாக ஒரு காலி இடம் விழுந்தது.

"ஏய் புதுசு, இங்க வா. ஒதுங்கு," என்றாள் மேற்பார்வை பார்க்கும் அக்கா.

"ஏன்க்கா?"

"வந்த அன்னிக்கு நானும் கேட்டேன். எல்லாரும் ஒதுங்கறாங்க, நானும் ஒதுங்கறேன். ஒதுங்காத ஒருத்திக்குத்தான் கால் போச்சு. ரெண்டே நிமிஷம், நில்லு."

அவள் சுவரோரம் போனாள். செருப்புக்கு அடியில் காங்கிரீட் மெல்ல அதிர்ந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே ஓய்ந்தன.

முன்பு வீடு இருந்த பக்கத்திலிருந்து யாரோ ஓடி வந்தார்கள்.

"வண்டி! வண்டி வருது! ஏய், விலகுங்கடா! விலகுங்க!"

தொண்டை கிழிந்த கத்தல். மூச்சு இரைத்தது. வெறுங்கால் தரையில் அறைந்து அறைந்து விழுந்தது. அவள் எதிரே வந்தபோது அந்தக் குரல் ஒரு கணம் தடுமாறியது, மறுபடி ஓடியது.

"காத்துதான்," என்றாள் அக்கா, அவள் முகத்தைப் பார்த்து. "தகரக் கூரைதானே, அப்படித்தான் சத்தம் போடும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்த்தால் நிற்பார்.

கனமான ஏதோ ஒன்று காற்றைத் தள்ளிக்கொண்டு நடுவே போனது. அட்டைகள் பறந்தன. பிறகு சத்தங்கள். மெத்தென்று, ஒன்றன்பின் ஒன்றாக. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. பதினொன்று.

அமைதி. தரைக்கு மிக அருகில் ஒரு கிழவர் மண்டியிட்டுத் தேம்பினார்.

பெண்கள் மேசைகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். விட்ட இடத்திலிருந்து மாமியார் கதை தொடர்ந்தது. அதற்கு நடுவே, கல்லை அரைப்பது போன்ற அந்தக் குரல், கோபமே இல்லாமல் சொன்னதை அவள் கேட்டாள்.

"சரி, எந்திரி. நாளைக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரமா வா."